முழங்கால் கட்டு

கோல் விழுந்தது பெல்ஜியத்தில். ஆப்பிரிக்காவில், டுவாலா நகரத்தில், அந்த முற்றத்தில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகளெல்லாம் திரும்பியதோ டிவிக்கு நேர் எதிர்ப்பக்கம், சாத்தியிருந்த ஓர் அறைக்கதவின் பக்கம்.

"உள்ள என்ன பண்ணித் தொலைச்சா இவ?" என்றாள் மா பெலாஜி.

டிவியில் அவளுடைய மகன் எவாரிஸ்த், கையுறை போட்ட இரண்டு கையையும் புல்லில் ஊன்றி, எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவன்போல மண்டியிட்டிருந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை.

"மருமகளே," பெரியப்பா பித்தோங் பனங்கள் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார், "இருமினியா?"

கதவுக்குப் பின்னால் எவாரிஸ்தின் மனைவி எர்மின் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. பானைகள் மூடியிருந்தன. ஆட்டம் முடிகிறவரை அவள் எழுந்திருக்கக் கூடாது, எதையும் தின்னக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. இப்போது பதில் சொன்னால் வாய் திறந்த குற்றம். சொல்லாவிட்டால் மறைத்த குற்றம். எர்மின் கொஞ்சம் யோசித்து இரண்டாவது குற்றத்தையே எடுத்துக்கொண்டாள். அதில் அலைச்சல் குறைவு.

"பாத்தீங்களா, பதில் இல்ல" என்றாள் நாத்தனார் குளோதில். "நம்ம பொண்டாட்டிக்கு இப்பல்லாம் நெஞ்சழுத்தம் ஜாஸ்தியாயிடுச்சு."

நம்ம பொண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். ஒருத்தன் பெண்ணெடுத்தால் குடும்பமே எடுத்த மாதிரி. மாமியார், நாத்தனார், கொழுந்தன், பெரியப்பா எல்லாருக்கும் அவள் பொண்டாட்டி. அவளும் நாத்தனாரை "என் புருஷா" என்றுதான் கூப்பிட வேண்டும். ஆக எர்மினுக்குப் புருஷர்களுக்குக் குறைவில்லை. அவளைக் கட்டியவன் ஒருத்தன்தான் ஊரில் இல்லை.

அந்த முழங்கால் கட்டு நேற்று முளைத்ததல்ல. பெரியப்பா பித்தோங்கின் தாத்தா காலத்தில், சனாகா ஆற்றோரக் காட்டில் ஆண்பிள்ளைகள் வேட்டைக்குப் போனால், பெண்டாட்டிமார் வீட்டில் கதவைச் சாத்தி, பானையை மூடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அவள் அசைந்தால் அங்கே பொறி நழுவும். மிருகம் தப்பினால் மனைவியைக் கேட்பார்கள். மிருகம் அகப்பட்டால் கணவனுக்குக் கள் ஊற்றுவார்கள். பிறகு காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். மிருகங்களைத் தின்று தீர்த்தாயிற்று. காடு போயிற்று, வேட்டை போயிற்று, பெண்டாட்டி மட்டும் மிச்சம். அவளை என்ன செய்வது என்று ஐம்பது வருஷமாக யாருக்கும் தெரியவில்லை.

எவாரிஸ்த் ஐரோப்பாவுக்குப் போனதும் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"வேட்டைக்காரன் பொறி வெக்கிறான். நம்ம பையன் வலைக்கு முன்னாடி நிக்கிறான். ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

அப்போது எர்மின் புதுப்பெண். தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டாள். "வேட்டைக்காரனுக்கு மிருகம் வலைக்குள்ள வரணும். இவருக்குப் பந்து வலைக்குள்ள வரக் கூடாதே, பெரியப்பா?"

"இதெல்லாம் பெரிய விஷயம். பொம்பளைங்களுக்குப் புரியாது" என்றார் பெரியப்பா. முற்றமே தலையாட்டியது. பெண்கள் இன்னும் பலமாக ஆட்டினார்கள்.

இந்த நாட்டில் தெருப்பையன்கள் கோல் அடிக்க ஆசைப்படுவதைவிடக் கோல் தடுக்கத்தான் ஆசைப்படுவார்கள். எவாரிஸ்தும் அப்படித்தான். மழை பெய்தால் குளமாகிவிடும் மைதானத்தில், கட்டட வேலைக்காரர்களின் கையுறையைப் போட்டுக்கொண்டு பாய்ந்து பாய்ந்து தேறியவன். ஒரு தரகன் வந்தான், சைப்ரஸ் என்றான். அங்கிருந்து பெல்ஜியத்தில் இரண்டாம் பிரிவு ஆடும் ஒரு சங்கத்துக்கு இன்னொரு தரகன் கொண்டுபோனான். அங்கே போய் இரண்டு வருஷம் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உடம்புக்குக் கனமான கோட்டு, காலுக்குப் போர்வை, கையில் சூடாக ஏதாவது.

அந்த இரண்டு வருஷம் எர்மினுக்குப் பொற்காலம். சனிக்கிழமைதோறும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எவாரிஸ்த் ஒரு கோல்கூட விடவில்லை. தெருவில் அவளுக்கு 'பூட்டு' என்றே பெயர் விழுந்தது. "எங்க வீட்டுப் பூட்டு எப்பேர்ப்பட்ட பூட்டு தெரியுமா" என்று மா பெலாஜி தேவாலயத்தில் சொல்லிக்கொள்வாள். வெளிநாட்டுக்குப் புருஷனை அனுப்பிய பெண்கள் வந்து எப்படிக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கோல் விழாது என்ற உண்மை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லிச் சந்தோஷத்தைக் கெடுக்கவில்லை.

பிறகு முதல் கோல் கீப்பருக்குத் தோள்பட்டை பிசகியது. எவாரிஸ்த் களத்தில் இறங்கினான். இறங்கினால் விழத்தானே விழும்? விழுந்தது. பூட்டு துருப்பிடித்துவிட்டது என்றார்கள்.

முதலில் எர்மினே நம்பினாள். ஒவ்வொரு கோல் விழும்போதும், மூக்கு அரித்ததே, சொறிந்தேனே, அதுதானோ என்று தன்னையே குடைந்துகொள்வாள். ஒரு தடவை கொட்டாவி விட்டதை மா பெலாஜியிடம் அவளே போய் ஒப்புக்கொண்டாள். அந்தக் கொட்டாவியை இன்னும் மறக்கவில்லை அந்தக் குடும்பம்.

ஆனால் இன்று அவள் இருமவில்லை. மூச்சைக்கூட அளந்து விட்டாள். கல்லாக உட்கார்ந்திருந்தாள். வெளியே டிவியில் மறுபடி இரைச்சல் எழுந்தது. இரண்டாவது கோல்.

"அவ எந்திரிச்சிட்டா. எனக்கு முக்காலிச் சத்தம் கேட்டுச்சு" என்றாள் குளோதில்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றான் கேட்காத ஒருத்தன்.

எர்மின் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். துணி சதையில் பதிந்து, பாதம் இரண்டும் யாருடையவோபோல மரத்துக் கிடந்தன. யூப்வே மீன்துறையில் இந்நேரம் படகுகள் வந்து இறங்கியிருக்கும். சனிக்கிழமை மீனுக்குக் கூட்டம் நெரியும். அவளுடைய புகையடுப்பு மட்டும் அங்கே அணைந்து கிடக்கும். மீனைப் புகைபோட்டு விற்கிற கை, இங்கே மடியில் சும்மா கிடக்கிறது. ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவளுக்குக் கிடைத்த பதில் அவளுக்கே போதவில்லை.

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

கோபத்தில் கூட இல்லை; செருப்பைக் கழற்றுகிற மாதிரி. காலை நீட்டி, அகட்டி, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தாள். ரத்தம் ஊசி குத்திக்கொண்டு இறங்கியது. அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ, "போச்சு, பெனால்டி" என்றார்கள். முற்றம் அடங்கியது. எர்மின் முழங்கால் இரண்டையும் இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

முற்றத்தில் வெடித்தது கூச்சல். நாற்காலி கவிழ்ந்தது. "பிடிச்சிட்டான்டா! எம்புள்ள பிடிச்சிட்டான்!"

"நான் அந்த நேரம் மாதாவைக் கூப்பிட்டேன்" என்றாள் மா பெலாஜி மூச்சு வாங்க. "அதான்."

"நான் கள்ளைத் தரையில ஊத்தினேன்" என்றார் பெரியப்பா. "செத்துப்போன நம்ம பெரியவங்களுக்கு."

அறைக்குள் பெரியவர்களும் இல்லை, மாதாவும் இல்லை. கால் அகட்டி உட்கார்ந்திருந்த ஒருத்திதான் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். ஆட்டம் முடிந்து கதவைத் திறக்க ஆள் வருகிற சத்தம் கேட்டதும் துணியை மறுபடி சுற்றிக்கொண்டாள்.

ரெண்டுக்கு ஒன்று. தோல்வி.

"நாளைக்குக் குடும்பம் கூடட்டும்" என்றார் பெரியப்பா பித்தோங். "இது இப்படியே போனா பையன் பொழப்பு போயிடும். வீட்டுல ஒருத்தி வாசலைத் திறந்து போட்டா, அங்க அவன் எத்தனை கையால பிடிப்பான்?"

குடும்பம் கூடினால் என்ன நடக்கும் என்று எர்மினுக்குத் தெரியும். பூட்டு கெட்டுவிட்டால் பூட்டை மாற்றுவார்கள். அவளை எடேயாவில் இருக்கிற அவள் அப்பா வீட்டுக்கு அனுப்புவார்கள். அது போகட்டும். ஆடும் துணியும் கள்ளும் கொடுத்துப் பரிசம் போட்டு எடுத்த பெண் அவள். அப்படி எடுத்த பெண் திரும்பிப் போகலாம், அவள் பெற்றது திரும்பாது. நாலு வயசு நடேஜ் இந்த வீட்டுச் சொத்து. அம்மா சுடுகிற மீனின் கண்ணைத் தோண்டித் தின்றுவிட்டுச் சிரிக்கும் குழந்தை. அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு பேருந்து ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாடும் ஆன பிறகு கூடினார்கள். கசப்புக்கீரை, மீன், இலையில் சுற்றிய மரவள்ளி மாவு எல்லாம் எர்மின்தான் சமைத்தாள். குற்றவாளியானாலும் சமையல் அவள்தானே. கள் இருந்த பிளாஸ்டிக் கேன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள் குளோதில். திரையில் எவாரிஸ்த் வந்தான். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு ஜன்னல், மேசைமேல் ஆவி பறக்கும் காப்பி. முகம் வாடியிருந்தது.

"சாப்ட்டியாடா?" என்றாள் மா பெலாஜி.

"சாப்பாடு இருக்கட்டும்மா. நேத்து மேட்ச் முடிஞ்சதும் எங்க பயிற்சியாளர் டிவியில என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"'ஆப்பிரிக்கக் கீப்பருங்ககிட்ட பாய்ச்சல் இருக்கு, நிதானம் கிடையாது. கோல் காக்கறதுக்கு வேண்டிய அமைதி ரத்தத்துலயே இருக்கணும்.' இப்படிச் சொன்னாம்மா. என் பேரைக்கூடச் சொல்லல. எனக்கு முன்னாடி பத்து பேரு இருந்தாங்க. அந்தப் பத்து பேரைத் தாண்டித்தானே பந்து வந்துது? அவங்களை ஒரு வார்த்தை சொல்லல. அவங்க செஞ்சா தப்பு, நான் செஞ்சா ரத்தமாம்."

முற்றம் கொந்தளித்தது.

"ரத்தமாவது!" பெரியப்பா பித்தோங் நாற்காலியின் கையைத் தட்டினார். "ஒருத்தன் என்ன பண்ணினான்னு பாக்கணும். அவன் என்னவா பொறந்தான்னு பாத்து பழியைப் போடறதா? இதுக்குப் பேரு படிச்ச நாடா?"

"விசாரிக்கறதே இல்ல, பெரியப்பா" என்றாள் குளோதில். "கோல் விழுந்த உடனே யார் தலைமேல போடலாம்னு பாக்கறாங்க. வசதியா ஒரு ஆளு கெடச்சா போதும்."

"வாயில்லாப் பூச்சி பாரு எம்புள்ள" என்றாள் மா பெலாஜி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதுத்துப் பேச முடியாத எடத்துல ஒருத்தர வெச்சு இப்படிப் பண்றது பாவம்டா. கடவுளுக்கே அடுக்காது."

அன்று அந்த முற்றத்தில் பேசிய நியாயத்தைக் கேட்டிருந்தால் பெல்ஜியம் வெட்கப்பட்டுப் போயிருக்கும். ஓரமாக நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த எர்மின் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். இவ்வளவு நல்ல வார்த்தைகள் இந்த வீட்டில் இருந்தன என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"சரி" என்று தொண்டையைக் கனைத்தார் பெரியப்பா. "அந்த அநியாயம் அங்க கெடக்கட்டும். இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். எவாரிஸ்த், உன் பொண்டாட்டி வாசலை ஒழுங்காக் காக்கல. நேத்து ரெண்டு போச்சு. போன வாரம் ஒண்ணு. குடும்பம் என்ன நெனைக்குதுன்னா, அவ கொஞ்ச நாள் அப்பா வீட்டுல இருக்கட்டும். கொழந்தை இங்கயே இருக்கும். நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது."

திரையில் எவாரிஸ்த் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தான். "உங்களுக்குத் தெரியாததா, பெரியப்பா..." என்று இழுத்தான்.

"நான் கொஞ்சம் பேசலாமா?" என்றாள் எர்மின்.

தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைத் துணியில் துடைத்தபடி வந்து போனுக்கு எதிரே நின்றாள். நடேஜ் வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"பேசு. பேச்சுக்கு இங்க தடை இல்ல" என்றார் பெரியப்பா பெருந்தன்மையாக.

"நேத்து ரெண்டு கோல் விழுந்தப்பவும் கட்டு இறுக்கமாத்தான் இருந்துது. இருமல. அசையல. கால் ரெண்டும் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அவிழ்த்துட்டேன்."

"அவிழ்த்தியா!"

"அவிழ்த்தேன். காலை அகட்டி உக்காந்தேன். அப்பதான் அவரு பெனால்டியைப் பிடிச்சாரு."

அவள் சொன்ன கணக்கு யார் காதிலும் ஏறவில்லை. அவிழ்த்தேன் என்ற ஒரு சொல்தான் ஏறியது. மா பெலாஜி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். குளோதில், "கேட்டீங்களா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா" என்று முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெரியப்பாவின் முகத்தில், தீர்ப்பு எழுதி முடித்த பிறகு சாட்சி கிடைத்தவனின் திருப்தி.

"இனிமே என்ன இருக்கு பேச" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு, பெரியப்பா. உங்ககிட்ட இல்ல, அவருகிட்ட." எர்மின் போனைப் பார்த்தாள். "ஏங்க, அந்தப் பெனால்டியை யாரு பிடிச்சது?"

"என்ன கேள்வி இது?"

"அம்மா மாதாவைக் கூப்பிட்டேன்னு சொல்றாங்க. பெரியப்பா கள்ளை ஊத்தினேன்னு சொல்றாரு. என் கால் அகட்டியிருந்துது, அதனால நான்னும் சொல்லலாம். யாரு பிடிச்சது?"

எவாரிஸ்த் விறைத்து நிமிர்ந்தான். வாழ்நாளில் அவனுக்கென்று இருந்தது அந்தக் கையிரண்டுதான். "நான்தான்டி பிடிச்சேன். வலது பக்கம் பாய்ஞ்சு, இந்த விரல் நுனியில. அவன் எந்தப் பக்கம் அடிப்பான்னு ஒரு வாரமா வீடியோ பாத்தேன். மாதாவும் பிடிக்கல, கள்ளும் பிடிக்கல. நான் பிடிச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் எர்மின். "அப்ப, விட்ட ரெண்டும்?"

எவாரிஸ்த் காப்பிக் கோப்பையைத் தூக்கி, குடிக்காமலே கீழே வைத்தான்.

"இப்பதான் நீங்க சொன்னீங்க, பத்து பேரைத் தாண்டித்தான் பந்து வந்துதுன்னு. எல்லாரும் சரின்னாங்க. எனக்கும் சரின்னுதான் பட்டுது. பத்து பேரைத் தாண்டி, உங்க கையைத் தாண்டி, அவ்ளோ பெரிய கடலையும் தாண்டி, டுவாலாவுல சாத்தின கதவையும் தாண்டி என் முழங்கால் வரைக்கும் வந்துதா அந்தப் பந்து? உங்க பயிற்சியாளரு ரத்தம்னு சொன்னாரு. இவங்க முழங்கால்னு சொல்றாங்க. உங்களுக்கு அது அநியாயம்னா, எனக்கு இது என்னங்க?"

"அது வேற" என்றார் பெரியப்பா அவசரமாக. "அது வெள்ளைக்காரன் திமிரு. இது நம்ம பழக்கம்."

"அவனும் அதைப் பழக்கம்னுதான் சொல்லுவான், பெரியப்பா." அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "நீங்க சொல்லுங்க. கோல் காக்கறது நான்னா, பிடிச்சதும் என்னுது. சங்கத்துல சொல்லி எம்பேரைச் சட்டையில எழுதச் சொல்லுங்க. காக்கறது நீங்கன்னா, விட்டதும் உங்களுது. எம்புள்ளையோட நான் இங்கயே இருப்பேன். ரெண்டுல எது?"

திரையில் எவாரிஸ்த் அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி, கண் ஒரு பக்கம் நிலைகுத்தி, அப்படியே நின்றான்.

"தொடர்பு போயிடுச்சு" என்றாள் குளோதில், போனைத் தட்டிப் பார்த்து. "பாருங்க, அப்படியே நின்னுடுச்சு."

"மழைக்காலம். அப்படித்தான் ஆகும்" என்றார் பெரியப்பா.

எல்லாரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். எவாரிஸ்த் சிலையாக இருந்தான். அவன் முன்னால் இருந்த காப்பியிலிருந்து மட்டும் ஆவி மெல்ல வளைந்து வளைந்து மேலே போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஜன்னல் திரைச்சீலை உப்பி அடங்கியது.

"அப்பா கண்ணு சிமிட்டுது" என்றது நடேஜ்.

எவாரிஸ்த் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான். கோல் கீப்பருக்கு நிதானம் இல்லை என்று சொன்ன பயிற்சியாளர் அந்த நேரம் அவனைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒரு கை தயங்கித் தயங்கித் திரையின் ஓரத்துக்கு வந்து பொத்தானை அழுத்தியது. திரை இருண்டது.

புருஷன் வார்த்தை இல்லாமல் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதுவும் பழக்கம்தான். பெரியப்பா பித்தோங் தாடையைச் சொறிந்தார். இன்னொரு நாள் கூடலாம் என்றார். கேனில் மிச்சம் இருந்த கள்ளைக் குடித்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். எர்மின் தட்டுகளைக் கழுவினாள். அந்த வாரம் முழுக்க எவாரிஸ்த் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தான். தொடர்பு நன்றாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் எர்மின் மீன் சுமக்கிற அலுமினிய அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் நடேஜைப் பிடித்தபடி வெளியே கிளம்பினாள். மா பெலாஜி வாசலில் வழிமறித்தாள்.

"இன்னிக்கு மேட்ச்."

"தெரியும்மா. மீனும் இன்னிக்குத்தான் வருது."

"அப்ப யாரு உக்காருவா?"

"முக்காலி உள்ளதான் இருக்கு. துணியைத் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். யாருக்கு வேணுமோ உக்காரட்டும்."

"குளோதில் உக்கார முடியாதுடி. அவ உனக்குப் புருஷன் முறை."

"அது பெரிய சங்கடந்தான், அம்மா" என்றாள் எர்மின். பைக் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தி, குழந்தையை முன்னால் தூக்கி வைத்து ஏறிப் போனாள்.

யூப்வேயில் அன்று நல்ல மீன். எர்மின் தன் அடுப்புக்கு முன்னால், மீன் சுடுகிறவர்கள் உட்கார்கிற மாதிரி முழங்காலை நன்றாக அகட்டி உட்கார்ந்து, புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். நேரம் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தாள். இந்நேரம் களத்துக்கு வந்திருப்பார் என்று நினைத்தாள். நன்றாகப் பிடிக்கட்டும் என்றும் நினைத்தாள். ஆயிரம் இருந்தாலும் புருஷன். ஆனால் அதை நினைப்பதற்கு முழங்காலைச் சேர்க்க வேண்டிய அவசியம் அவளுக்குத் தோன்றவில்லை.

அண்டா காலியாகி அவள் வீடு திரும்பியபோது ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. வெளிக்கதவுக்குள் நுழைந்து முற்றத்து ஓரத்திலேயே நின்றாள். எப்போதும்போல அறைக்கதவு சாத்தியிருந்தது. மா பெலாஜியின் நாற்காலி மட்டும் காலி. அறை வாசலில் அவளுடைய செருப்பு கழற்றி வைத்திருந்தது.

எர்மினுக்குப் புரிந்துவிட்டது. அந்த வயசில், வாதம் பிடித்த காலைக் கட்டிக்கொண்டு கிழவி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் வேண்டாமென்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் கதவைத் திறக்கலாமா என்று ஓரடி எடுத்து வைத்தபோதுதான் கோல் விழுந்தது.

தலைகளெல்லாம் ஒன்றாக அறைக்கதவின் பக்கம் திரும்பின. பெரியப்பா பித்தோங்கின் வாய்கூடத் திறந்துவிட்டது. அப்புறம் உள்ளே இருப்பது யார் என்று ஒவ்வொருவருக்கும் நினைவு வந்தது. வாய் மூடியது. தலைகள் ஒவ்வொன்றாக, கழுத்து சுளுக்கியதுபோல, மெதுவாக டிவிக்கே திரும்பின. பந்து எந்த வழியாக வந்தது என்று அவர்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

உள்ளே மா பெலாஜி இருமினாள். நன்றாக, வயிற்றிலிருந்து. யார் காதிலும் விழவில்லை.

"அந்த வலது பக்கம் நிக்கறவன் எங்க போனான்?" என்றான் ஒருத்தன்.

"அவன் ஆளை விட்டுட்டான். நான் பாத்துட்டே இருந்தேன்" என்றாள் குளோதில். "சும்மா நின்னு வேடிக்கை பாக்கறான் தடியன்."

"எவாரிஸ்த் என்ன பண்ணுவான் பாவம். முன்னாடி நிக்கறவன் சரியா இருந்தாத்தானே?"

எர்மின் அண்டாவை இறக்கி வைத்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு லேசானது. போகட்டும், எப்படியோ கண் திறந்தார்களே என்று நினைத்துக்கொண்டு, கிழவியின் கட்டை அவிழ்த்துவிட அறைப்பக்கம் நடந்தாள்.

பெரியப்பா பித்தோங் நாற்காலியை டிவிக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். திரையில் அந்த வலது பக்க ஆட்டக்காரன் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதையே வெகுநேரம் பார்த்தார். வெள்ளைக்காரப் பையன், செம்பட்டை முடி, பால் மணம் மாறாத முகம். பெரியப்பா கள்ளை ஒரு வாய் குடித்தார். யோசித்தார். பிறகு குளோதில் பக்கம் சாய்ந்து, நியாயம் தெரிந்தவர் கேட்கிற குரலில் கேட்டார்:

"இவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. குளோதில் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.